எலுமிச்சங்காய் அளவு புளி

போன ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம், மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் ஒரு மாநாடு கூடியது. தீர்மானம் ஒன்றே ஒன்று: பதினெட்டாம் பெருக்கன்று சாயந்திரம் எல்லோரும் எலியட்ஸ் கடற்கரைக்குப் போவது, ஆளுக்கொரு சாதம் கொண்டுவருவது. காவிரிக்கரைக்காரர்களுக்கு ஆறு உண்டு. நமக்கும் அடையாறு ஊருக்குள்ளேயேதான் ஓடுகிறது. ஆனால் அதன் கரையில் இலை போட்டு உட்கார நெஞ்சுரம் மட்டும் போதாது, மூக்குரமும் வேண்டும். அதனால் கடல்.

முதல் மாடிக்குப் புளியோதரை, இரண்டாம் மாடிக்கு எலுமிச்சை சாதம், தி.நகர் சித்திக்குத் தேங்காய் சாதம், எங்கள் வீட்டுக்குத் தயிர் சாதம் என்று பங்கு பிரிந்தது. வடாம், மோர்மிளகாய், மாவடு எல்லாம் அவரவர் தாராள மனசு. எழுந்திருக்கும் நேரத்தில் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டாள்: "எத்தனை மணிக்குச் சாப்பிடுவோம்?"

"பெரியம்மாவுக்கு இப்பவே பசி வந்துடுத்து" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "ஏழு மணியா, எட்டரையா? அதை மட்டும் சொல்லுங்கோ. மீதியை நான் பாத்துக்கறேன்."

ஏழரை என்றோம். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அந்தக் கேள்விக்குள் எத்தனை அறிவியல் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. அதற்கு முன்னால் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பார் என்றால் பார்

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் சென்னையில் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். சமையலில் கைதேர்ந்தவர் என்பதால் உறவுக்காரப் பெண்கள் செய்முறை கேட்டுக்கொண்டே இருக்க, இதையெல்லாம் புத்தகமாகப் போடேன் என்று வழக்கறிஞராக இருந்த உறவினர் ஒருவர் தூண்டினார். மீனாட்சி அம்மாள் தாமே முன்னின்று அதைப் பதிப்பித்தார். அதன்பின் கல்யாணச் சீரில் குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணத்தோடு இந்தப் புத்தகமும் சேர்ந்துகொண்டது. வெளிநாடு போகிறவர்களின் பெட்டியில் சாம்பார்ப் பொடிக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே அதற்கு ஓர் இடம் உண்டு.

தலைப்பைக் கவனியுங்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பழமொழி சவால் விடுகிறதே, அந்தப் பார் இதிலும் ஒலிக்கிறது. அதே சொல் சோதனையையும் குறிக்கும்: செய், என்ன ஆகிறதென்று கவனி, பிறகு திருத்து. எந்த ஆய்வுக்கூடத்து வாசலிலும் எழுதி மாட்டலாம்.

புத்தகம் வந்த காலத்தில் இந்தியாவில் மெட்ரிக் அளவை இன்னும் வரவில்லை. அதற்கான சட்டம் 1956-ல்தான் இயற்றப்பட்டது. கிலோவும் லிட்டரும் 1958 முதலே படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தன. அதுவரை அடுப்படியின் கணக்கு படி, உழக்கு, ஆழாக்கு, பலம், வராகனெடைதான். எட்டு ஆழாக்கு ஒரு படி. பத்து வராகனெடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு பலம் என்பது சுமார் 35 கிராம். இன்றைய மணப்பெண் இதைப் படித்துவிட்டு ஆழாக்கைத் தேடி பாட்டி வீட்டுப் பரணில் ஏறுவதும், கிடைத்ததைப் பேனா ஸ்டாண்டாக வைத்திருக்கும் அண்ணனோடு சண்டை போடுவதும் உண்டு.

மீனாட்சி அம்மாள் நகைச்சுவை எழுதியவர் அல்லர். கறாரான ஆசிரியை. சிரிப்பு பிறப்பது வாசகரின் அடுப்படியில். 

கடலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தவர்கள் உண்டு. 'சமைத்துப் பார்' வருவதற்குச் சரியாக ஓர் ஆண்டு முன்பு, 1950-ல், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள சார்ல்ஸ்டன் நகரத்துப் பெண்கள் சங்கம் ஒன்று தங்கள் ஊர்ச் சமையலைத் தொகுத்து 'சார்ல்ஸ்டன் ரிசீட்ஸ்' என்று வெளியிட்டது. அதுவும் இன்றுவரை அச்சில் இருக்கிறது. சார்ல்ஸ்டனும் நம்மைப் போல் அரிசிச் சீமை; அங்கே நெல் வயல்களை உண்டாக்கியது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பும் நெல் அறிவும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மாதா கோவில் விருந்து, குடும்பக் கூடல், துக்க வீடு எதுவானாலும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோவது வழக்கம். அதை வைத்தே கேலியும் பாசமுமாகச் சமையல் புத்தகங்கள் வந்தன. எர்னஸ்ட் மேத்யூ மிக்லர் 1986-ல் ஏழை வெள்ளையர் வீட்டுச் சாப்பாட்டைத் தலைநிமிர்ந்து கொண்டாடி ஒன்று எழுதினார். மிசிசிப்பியைச் சேர்ந்த கேய்டன் மெட்காஃபும் சார்லட் ஹேஸும் 2005-ல் சாவு வீட்டு விருந்துக்கென்றே ஒரு நகைச்சுவைக் கையேடு போட்டார்கள். செத்துப்போனது ஒரு சாக்கா என்பது அதன் தலைப்பின் சாரம்.

இந்த விருந்துக்குத் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது: கூட்டாஞ்சோறு. நிலா வெளிச்சத்தில் உண்டால் நிலாச்சோறு, வழிக்குக் கட்டிக்கொண்டால் கட்டுச்சோறு. அமெரிக்கத் தமிழர்கள் மட்டும் பாட்லக் என்கிறார்கள். முன்கூட்டிப் பேசி வைக்காவிட்டால் அங்கே ஆறு குடும்பம் ஆறு தயிர் சாதத்தோடு வந்து நிற்கும்.

அளவு தளர்வு, பதம் கறார்

சமையல் குறிப்புகளில் அதிகம் கேலிக்கு ஆளானது "எலுமிச்சங்காய் அளவு புளி". எந்த எலுமிச்சை? தண்ணித்துறை மார்க்கெட்டில் ஆடி மாதம் கிடைக்கும் கோலிக்குண்டா, நல்ல நாளில் கிடைக்கும் குட்டி ஆரஞ்சா? கூடவே கொட்டைப்பாக்கு அளவு வெல்லம், சுண்டைக்காய் அளவு பெருங்காயம். சாமான் வாங்கப் போனவன் காய்கறிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவே விழிக்க வேண்டியதுதான்.

ஆனால் புளியின் பக்கம் போய் நின்று பார்த்தால் கதை வேறு. புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். அது புளியின் சதையில் நூற்றுக்கு 8 பங்கும் இருக்கலாம், 18 பங்கும் இருக்கலாம். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். புதுப்புளியில் ஈரம் அதிகம், பழம்புளி கறுத்து இறுகியிருக்கும். அப்படியிருக்க, "புளி 30 கிராம்" என்று எழுதினால் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரே 30 கிராமில் ஒரு வீட்டில் வரும் புளிப்பைப் போல் இரண்டு மடங்கு அடுத்த வீட்டில் வரலாம். எலுமிச்சங்காய் என்று எழுதியவர், இது தோராயம், நீ ருசி பார்த்துச் சரிசெய் என்று நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்.

பிளஸ் டூ வேதியியல் ஆய்வுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டைட்ரேஷன் செய்வோமே, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் நிறம் மாறும் நொடிக்காகக் கண் கொட்டாமல் காத்திருப்போமே! எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் மட்டும் ஒரு சொட்டு விட்டுக்கொடுக்க முடியாது. நம் சமையல் குறிப்புகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. போடும் அளவில் தளர்வு, நிறுத்தும் பதத்தில் கறார்.

புளிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். "பச்சை வாசனை போக, எண்ணெய் பிரிந்து வரும்வரை கொதிக்க விடவும்." இந்த ஒரு வரிக்குள் வெப்பமானியும் ஈரப்பதமானியும் இருக்கின்றன. கலவையில் தண்ணீர் இருக்கும்வரை, அடுப்பை எவ்வளவு எரித்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். அதுவரை எண்ணெய் சின்னஞ்சிறு துளிகளாகப் புளிக்கரைசலுக்குள் சிதறிக் கிடக்கும். நீர் வற்ற வற்ற அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரத்தில் ஒதுங்கும். எண்ணெய் மினுங்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே தேவைக்கு மேல் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். கருவி எதுவும் வேண்டாம்; கண் போதும்.

பாகு காய்ச்சுவதிலும் இதே சூத்திரம். வெல்லக் கரைசலில் நீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பெயர் வைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தே அந்த வெப்பநிலைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உருட்டுப் பதத்தை மேலைநாட்டு மிட்டாய்க்காரர் 115 டிகிரிப் பக்கம் வெப்பமானி வைத்துத் தேடுவார்.

நான்கு சாதம், நான்கு கடிகாரம்

இனி கடற்கரைக்குக் கட்டிய சாதங்கள். காலை பத்து மணிக்கு வடித்த சோறு, இரவு ஏழரைக்கு வாயில். நடுவே ஒன்பதரை மணி நேரச் சென்னை வெயில். உண்மையான சோதனை இதுதான்.

சோற்றுக்குள் ஒரு விருந்தாளி எப்போதும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலிருந்து நெல்லோடு வந்துவிடும். சோறு கொதிப்பதில் அவை சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகும். அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். போதாக்குறைக்கு, இவற்றில் சில வகைகள் விடும் வாந்தி நஞ்சு சூட்டுக்கு அழியாது. கெட்ட சோற்றைத் திரும்பச் சுட வைப்பதில் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

தேங்காய் சாதத்துக்கு இந்த விருந்தாளியை எதிர்க்க ஆயுதமே இல்லை. புளிப்பு கிடையாது, ஈரம் உண்டு, துருவிய தேங்காயின் சத்து பாக்டீரியாவுக்கு உபசாரம். ஆகவே கட்டுச்சோற்று மூட்டையில் முதலில் பிரிக்க வேண்டியது அதுதான். தி.நகர் சித்தி அன்றைக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பனகல் பார்க் பக்கம் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். சம்புடத்தைத் திறந்ததும் நாலு பேர் முகம் சுளித்தது. "பொங்கிடுத்தோ?" என்று பெரியம்மா கேட்டு மூடச் சொல்லிவிட்டாள். மறுபேச்சில்லை.

எலுமிச்சை சாதத்துக்குச் சிட்ரிக் அமிலம் காவல். அதை அடுப்பை அணைத்த பிறகே பிழிய வேண்டும் என்பது சட்டம், ஏனென்றால் எலுமிச்சையின் மணம் ஆவியாகிப் பறந்துவிடும் ரகம். அதன் பளிச்சென்ற மஞ்சளிலும் ஒரு வேடிக்கை உண்டு. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் புளிப்பில் மஞ்சளாகவே இருக்கும், காரத்தன்மையில் சிவக்கும். அதே மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தித் தண்ணீர். டைட்ரேஷனில் நிறங்காட்டி என்று ஒரு திரவம் விட்டோமே, அந்த வேலையை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

புளியோதரைதான் கோட்டை. இதன் காவலைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் உணவு விஞ்ஞானி லோத்தர் லைஸ்ட்னரைக் கூப்பிட வேண்டும். 1970-களில் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார்: உணவைக் காக்க ஒரே ஒரு பெரிய சுவர் கட்ட வேண்டியதில்லை, தடை ஓட்டப் பந்தயத்தில் வைப்பதுபோல் சின்னச் சின்னத் தடைகள் பல வைத்தால் போதும். கிருமி முதல் தடையைத் தாண்டும், இரண்டாவதில் திணறும், மூன்றாவதில் விழும். புளியோதரையில் தடைகளை எண்ணிப் பாருங்கள். டார்டாரிக் அமிலம் ஒன்று. உப்பு இரண்டு. நீர் வற்றிய காய்ச்சல் மூன்று. நல்லெண்ணெய் நான்கு.

நல்லெண்ணெய்க்குத் தனியாக ஒரு வார்த்தை. எள்ளில் இருக்கும் செசமின், செசமோலின், சூட்டில் உண்டாகும் செசமால் ஆகியவை எண்ணெய் சிக்குவாடை பிடிக்காமல் தடுப்பவை. வேறு எண்ணெயில் செய்த புளிக்காய்ச்சல் அத்தனை நாள் மணம் காப்பதில்லை. ஜாடியில் மேலே மிதக்கும் எண்ணெய் காற்றை அடைத்துவிடுவதால் பூஞ்சணத்துக்கும் வழியில்லை. ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது: காற்றில்லாத இடத்தைத்தான் பாட்யூலினம் என்ற கொடிய பாக்டீரியா விரும்பும். எண்ணெய் மட்டும் காவலிருந்தால் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. அங்கேதான் புளி வந்து நிற்கிறது. அமிலத்தன்மைக் குறியீடான பிஎச் 4.6-க்குக் கீழே போனால் பாட்யூலினம் வளராது. ஒரு தடையின் ஓட்டையை இன்னொரு தடை அடைக்கிறது.

சோற்றை உதிர் உதிராக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆற வைப்பதற்கும் காரணம் உண்டு. வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது மறுபடி கெட்டிப்படும். சூட்டோடு கிளறினால் பருக்கை உடைந்து களியாகும், ஆறிய பிறகு கிளறினால் பருக்கை பருக்கையாக நிற்கும். அதன்பின் "ஊறட்டும்" என்று மூடி வைப்பார்கள். அந்த நேரத்தில் புளிப்பும் உப்பும் பருக்கையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல ஊடுருவுகின்றன. ருசிக்காகச் செய்வது, அதே வேளையில் காவலும் உள்ளே போய்ச் சேர்கிறது. ஊறின புளியோதரை முதல்நாள் புளியோதரையை ஜெயிப்பது இதனால்தான். கோவில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இதில் மிளகாய் சேராது, மிளகுதான். மிளகாய் நம் ஊருக்குப் போர்த்துக்கீசியரோடு அமெரிக்காவிலிருந்து வந்த புதுச் சரக்கு. பெருமாள் அதற்கு மூத்தவர்.

அமெரிக்கத் தென்மாநில விருந்துகளில் புளியோதரையின் இடத்தில் உருளைக்கிழங்கு சாலட் இருக்கும். வெயிலில் வைத்த சாலட் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால், அங்கே பழி மயோனைஸ் மேல்தான் விழும். கடையில் விற்கும் மயோனைஸில் வினிகரும் எலுமிச்சையும் இருப்பதால் அதுதான் காவல்காரன். குற்றவாளி பெரும்பாலும் அடியில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் வெந்த கிழங்கு.

பெரியம்மாவின் கேள்வி

கடைசியாகத் தயிர் சாதம். மற்ற மூன்று சாதங்களும் வீட்டிலேயே செய்து முடித்தவை. அடுப்படியை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவை ஏதோ ஒரு வேகத்தில் சரிவை நோக்கிப் போகின்றன. புளியோதரை நிதானமாக, தேங்காய் சாதம் ஓட்டமாக. தயிர் சாதம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. கிளம்பும்போது அது தயிர் சாதமே கிடையாது. பால் சாதம்.

பெரியம்மா பத்து மணிக்குச் சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்தாள். காய்ச்சிய பாலை விட்டுத் தளரக் கலந்தாள். ஆறும்போது மாவுச்சத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும் என்பதால் அந்தத் தளர்ச்சி. பிறகு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். "பொறுக்கற சூடு" வரும்வரை காத்திருந்தாள். தயிரில் உள்ள லாக்டிக் பாக்டீரியா 50 டிகிரிக்கு மேலே தாக்குப்பிடிக்கத் திணறும். 30-லிருந்து 45 வரை அதற்குக் குஷி. விரலுக்குச் சுகமான சூடு அதற்கும் சுகம். அப்புறம்தான் தயிர்ப் பாத்திரத்தைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, கொஞ்சம் திரும்பக் கொட்டிவிட்டு, மீதியைச் சோற்றில் விட்டாள்.

அந்தத் திரும்பக் கொட்டிய கொஞ்சத்தில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. தயிர் விட்டதும் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடத் தொடங்கும். பாலின் பிஎச் 6.6-லிருந்து இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது பாலின் புரதமான கேசீன் ஒன்றுசேர்ந்து உறையும். இறங்க எத்தனை மணி நேரம் என்பதை முதலில் விட்ட தயிரின் அளவும் அன்றைய வெப்பமும் தீர்மானிக்கும். பகல் ஒரு மணிச் சாப்பாடு என்றால் நிறைய விட வேண்டும். ஏழரை என்றால் கொஞ்சமாக விட வேண்டும். கூடினால் புளித்துப்போகும், குறைந்தால் பால் சாதமாகவே இருக்கும். சீரியஸ் விருந்தாளி முளைத்து எழுவதற்குள் நம் பாக்டீரியாக்கள் கூட்டமாக வந்து புளிப்பை ஏற்றி இடத்தைப் பிடித்துவிடும். மற்ற சாதங்களுக்கு வெயில் எதிரி. தயிர் சாதத்துக்கு அதே வெயில் அடுப்பு.

எத்தனை கரண்டி தயிர் என்று எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது, ஏனென்றால் விடை தயிரில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. அவள் அதைத்தான் கேட்டாள். நாங்கள் பசி என்று நினைத்தோம்.

ஏழரைக்கு எலியட்ஸில் மணல் சூடு தணிந்திருந்தது. புளியோதரை தீர்ந்து, எலுமிச்சை சாதத்தில் கடலைப்பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம் பெரியம்மா தூக்கின் மூடியைத் திறந்தாள். வீட்டில் கடலை நோக்கிக் கிளம்பியது பால் சாதம். வந்து இறங்கியது, கரண்டி போட்டால் அசங்காத, துளியும் புளிக்காத தயிர் சாதம். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு மணியைக் கேட்டாள். ஏழு முப்பத்தைந்து என்றேன்.

"அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றாள்.